கோழித் தீவனமும் மருந்தும் கறியின் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழிக்கறி பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. வளர்ப்பவர், வாங்குபவர், சமைப்பவர், சாப்பிடத் தயங்குபவர் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறியின் தரத்தில் நாக்கும் கண்ணும் கண்டுபிடிப்பவை ஒருபுறம். ஆய்வகம் மட்டுமே கண்டுபிடிப்பவை மறுபுறம். தீவனச் சேர்மானங்களின் வேலை பெரும்பாலும் முதல் புறத்தில் தெரியும். ஆன்டிபயாடிக் விட்டுச்செல்வது இரண்டாவது புறத்தில். குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதால் வருபவை.

தீவனத்தில் 'கெமிக்கல்' கலக்கிறார்கள் என்கிறார்களே, அப்படி என்னதான் கலக்கிறார்கள்?

பிராய்லர் தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். சில நாடுகளில் மக்காச்சோளத்தின் இடத்தில் கோதுமை. கூடவே எண்ணெய், சுண்ணாம்புக்கல் தூள், உப்பு. சேர்மானம் என்பது இதற்கு மேல் டன்னுக்குச் சில கிராம் முதல் சில கிலோ வரை சேரும் பொருட்கள்: வைட்டமின்கள், தாது உப்புகள், மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்கள், தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ் நொதி, எண்ணெய் சிக்குப்பிடிக்காமல் காக்கும் பொருள், பூஞ்சை நச்சைப் பிடித்துவைக்கும் களிமண், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கும் மருந்து.

இவற்றில் பல இல்லாவிட்டால் கோழி நொண்டும், இறகு கொட்டும், எலும்பு வளையும். வைட்டமினையும் ஆன்டிபயாடிக்கையும் ஒரே மூட்டையில் போட்டு 'கெமிக்கல்' என்று பெயரெழுதினால் மேற்கொண்டு எதையும் பேச முடியாது.

நோயே இல்லாத கோழிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். குளோர்டெட்ராசைக்ளின் மருந்து தயாரித்தபின் மிஞ்சிய நொதித்த சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். அதில் இருந்த பி12-ஐ வைத்து விளக்க முடியாத அளவுக்குக் குஞ்சுகள் எடை போட்டன. கூடுதல் வளர்ச்சிக்குக் காரணம் சக்கையில் ஒட்டியிருந்த மருந்து.

அதிலிருந்து, சிகிச்சைக்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவில், டன்னுக்குச் சில கிராம் என்று ஆன்டிபயாடிக் கலப்பது உலகெங்கும் பரவியது. குடலில் தீவனத்துக்குப் போட்டியிடும் நுண்ணுயிர்கள் குறைகின்றன, குடல் சுவர் மெலிந்து சத்து எளிதாக உள்ளே போகிறது, ஓயாத சிறு அழற்சி தணிகிறது என்பவை அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். கவனிக்க வேண்டியது, சுத்தமான பண்ணையில் இந்தப் பலன் குறைவாகவும் நெரிசலும் ஈரமும் மிகுந்த பண்ணையில் அதிகமாகவும் தெரிந்தது. பராமரிப்பில் இருந்த ஓட்டையை மருந்து அடைத்துக்கொண்டிருந்தது என்பதே என் கணிப்பு.

ஆன்டிபயாடிக் கொடுத்த கோழியை வாயில் வைத்தவுடனே நான் கண்டுபிடித்துவிடுவேன். உங்களால் முடியாதா?

முடியாது. உங்களாலும் முடியாது. கறியில் மருந்து மிஞ்சினாலும் அது கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே தீவனம், மருந்து மட்டும் வேறு என்று வளர்த்துத் தட்டில் வைத்தால் வித்தியாசம் சொல்ல நாக்குக்கு எதுவும் கிடைக்காது.

இதை நான் ஆறுதலாகச் சொல்லவில்லை. ருசி நன்றாக இருப்பதால் மருந்து இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது என்பதுதான் இதன் மறுபக்கம்.

அப்படியானால் பிராய்லர் கறி ஏன் சப்பென்று இருக்கிறது?

வயது. பிராய்லர் பெரும்பாலும் 35 முதல் 42 நாளுக்குள் வெட்டுக்குப் போகிறது. கறியின் ருசி தசையில் சேரும் பொருட்களாலும் கொழுப்பாலும் வருவது. அவை சேர நாள் வேண்டும். வயது ஏற ஏறத் தசைநார்களை இணைக்கும் கொலாஜன் இறுகி, கறி மெல்லுவதற்குக் கடினமாகவும் ருசியில் அழுத்தமாகவும் ஆகிறது. 80 நாளுக்கு மேல் வளர்க்கப்படும் மெதுவாக வளரும் இனங்களின் கறி வேறாக இருப்பது இதனால்தான். நடமாட்டமும் இனமும் கொஞ்சம் பங்களிக்கின்றன. அந்தக் கோழிக்கும் இதே மூட்டைத் தீவனத்தைப் போட்டுப் பாருங்கள், ருசி பெரிதாகக் குறையாது.

ஹார்மோன் ஊசி போடாமல் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி வரும்?

வரும், இனத்தேர்வால். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம், ஒரே கொட்டகையில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். மூன்றுக்கும் கொடுத்த தீவனம் ஒன்று என்பதால் அந்த வித்தியாசம் முழுவதும் மரபணுவில் இருந்து வந்தது.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலில் செரித்துப்போகும். வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். பல்லாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் அது நடக்கிற காரியமா? ஒரு காலத்தில் டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேவல்களின் தோலுக்கடியில் வைத்தது உண்டு. அமெரிக்காவில் அது 1959இலேயே நிறுத்தப்பட்டது. கதை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

கழுத்தில் ஊசி போடுவதால் கழுத்துக்கறி சாப்பிடக் கூடாது என்கிறார்களே?

குஞ்சு பொரித்த முதல் நாளில் கழுத்துத் தோலுக்கடியில் போடுவது தடுப்பூசி. ஆறு வாரத்தில் அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. பிராய்லருக்குச் சிகிச்சை மருந்து பெரும்பாலும் குடிநீரில்தான் கொடுக்கப்படுகிறது. எந்தப் பாகத்தில் மருந்து அதிகம் தங்கும் என்பது கேள்வியானால், விடை கழுத்து அல்ல. கீழே மருந்து எச்சம் பற்றிய பதிலைப் பாருங்கள்.

தோல் மஞ்சளாக இருந்தால் சத்தான கோழி, வெளிறியிருந்தால் நோய்க்கோழி. சரிதானே?

முதல் பாதி தவறு, இரண்டாவது பாதியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மஞ்சள் நிறம் சாந்தோஃபில் என்ற நிறமிகளால் வருகிறது. மஞ்சள் மக்காச்சோளத்திலும் சாமந்தி இனப் பூவின் சாற்றிலும் அவை உண்டு. கோதுமை தின்ற கோழி வெளிறியே இருக்கும், ஆரோக்கியத்தில் குறைவு இருக்காது. எந்த நிறம் விற்கிறதோ அந்த நிறத்தைத் தீவனத்திலேயே கொண்டுவந்துவிடலாம்.

அந்த ஒரு துளி உண்மை: நிறமி குடல் வழியாகத்தான் உடலில் சேர வேண்டும். இரத்தக்கழிச்சலால் குடல் புண்பட்ட கோழிக்கு நிறமி ஏறாது. ஆகவே ஒரே தீவனம் தின்ற கூட்டத்தில் சில மட்டும் வெளுத்திருந்தால் வளர்ப்பவர் குடலைச் சந்தேகிப்பது நியாயம். வாங்குபவருக்கு இந்த ஒப்பீடு கிடைக்காது.

கறியில் சில நேரம் மீன் வாடை அடிக்கிறது. மருந்தா?

மருந்தல்ல, கொழுப்பு. கோழி தின்ற கொழுப்பு பெரிய மாற்றமில்லாமல் அதன் கொழுப்பில் படிகிறது. மீன்தூளோ மீன் எண்ணெயோ அதிகமாகி, வெட்டுக்கு முந்தைய வாரங்களிலும் தொடர்ந்தால் வாடை கறியில் ஏறும். ஒமேகா-3 கூட்டுவதற்காக ஆளிவிதை கொடுக்கும்போதும் இதே தொந்தரவு, கொஞ்சம் மென்மையாக. இத்தகைய நிறைவுறாக் கொழுப்பு காற்றுப்பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

வைட்டமின் ஈ போட்டால் கறி கெடாது என்கிறார்கள். விற்பனைப் பேச்சா, உண்மையா?

சேர்மானங்களில் கறியின் தரத்தை உறுதியாக உயர்த்துவது எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வைட்டமின் ஈ தசை அணுக்களின் சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோழி இறந்த பிறகும் அங்கேயே இருந்து, கொழுப்பு சிக்குப்பிடிக்கும் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கிறது. வெட்டியபின் கறியின் மேல் தடவினால் இதே பலன் வராது. உயிரோடு இருக்கும்போது உள்ளே போயிருக்க வேண்டும். சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிய கறியில் வருமே ஒரு பழைய அட்டை வாடை, அது இந்த ஆக்சிஜனேற்றத்தின் வேலை. நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் இரும்பும் கொழுப்பும் கூடுதல் என்பதால் அங்கே வாடை முந்திக்கொள்ளும்.

அளவில்தான் ஏமாற்றம் நடக்கிறது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1994ஆம் ஆண்டுப் பட்டியல்படி, கோழிக்குக் குறைபாடு வராமலிருக்கத் தீவனத்தில் கிலோவுக்கு 10 யூனிட், அதாவது ஏறக்குறைய 10 மில்லிகிராம், போதும். கறியில் பலன் தெரிய 100 முதல் 200 மில்லிகிராம் வரை, அதுவும் சில வாரங்கள் கொடுக்க வேண்டும். 'வைட்டமின் ஈ சேர்த்தது' என்ற அச்சு இந்த இரண்டில் எது என்று சொல்வதில்லை.

செலவைக் குறைக்கக் கடைசி வாரத்தில் வைட்டமின் கலவையை நிறுத்தலாமா என்று வளர்ப்பவர்கள் கேட்கிறார்கள். எடையில் இழப்பு அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். கறியில் வைட்டமின் ஈ இறங்கும், கெடாமல் இருக்கும் நாள் குறையும். நட்டம் உங்கள் கணக்கில் விழாமல் அடுத்தவர் கணக்கில் விழுகிறது, அவ்வளவுதான்.

சட்டியில் போட்டதும் தண்ணீராக விடுகிறது. ஊசியில் தண்ணீர் ஏற்றியதா, மருந்தின் விளைவா?

பதப்படுத்தும் ஆலைகளில் உப்பு, பாஸ்பேட் கரைசலை ஏற்றுவது உண்டு. அப்படியானால் உறையில் அறிவிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அது இல்லாமலும் தண்ணீர் விடும். கோழி இறந்தபின் தசையில் உள்ள கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி, நெஞ்சுத்தசையின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கு அருகிலிருந்து மெல்ல இறங்கி 5.7 முதல் 6.0 வரை வந்து நிற்பது வழக்கம். வெட்டுக்கு முன் வெயிலில் தவித்த கோழிக்கும், பிடிக்கும்போது தலைகீழாகத் தொங்கிப் படபடவென்று அடித்துக்கொண்ட கோழிக்கும் உடல் சூடாக இருக்கும்போதே இந்த இறக்கம் வேகமாக நடந்துவிடும். சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் குலைக்கின்றன. கறி வெளிறி, தளர்ந்து, நீரைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது.

வெயில் காலத்தில் பீட்டைன், வைட்டமின் சி போன்ற சேர்மானங்கள் கோழிக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். ஆனால் ஆறு வாரம் பார்த்துப் பார்த்துப் போட்ட தீவனத்தின் பலனைக் கடைசி ஆறு மணி நேரம் அழித்துவிடும். கூண்டு வண்டியில் நிழலும் காற்றும் இல்லாத இடத்தில் எந்தப் பவுடரும் உதவாது.

நெஞ்சுக்கறியில் வெள்ளைக் கோடுகள், சில நேரம் மரக்கட்டை போன்ற கடினம். இதுவாவது மருந்தால்தானே?

இதுவும் இல்லை. நெஞ்சுத்தசை அளவுக்கு மீறிய வேகத்தில் பெருக்கும்போது இரத்த ஓட்டம் ஈடுகொடுக்காமல் தசைநார்கள் சிதைந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. சாப்பிட ஆபத்தில்லை; தரம் தாழ்வுதான். மேலே எடைக்கணக்கில் பார்த்த அந்த வளர்ச்சிக்குக் கட்டும் வரி இது. வைட்டமின் ஈ-யைக் கூட்டியும் இதைத் தீர்த்துவிட முடியவில்லை.

வெந்தபின் எலும்பைச் சுற்றிக் கறுத்திருக்கிறதே?

இளங்கோழியின் எலும்பு நுண்துளைகள் கொண்டது. உறைய வைத்து எடுக்கும்போது எலும்பு மஜ்ஜையின் இரத்தநிறமி வெளியே கசிந்து, வேகும்போது கறுக்கிறது. பார்க்க நன்றாக இருக்காது, கேடில்லை.

கறி நல்ல நிறமாக, பளிச்சென்று இருந்தால் நல்ல தீவனம் என்று நம்பலாமா?

ராக்சார்சோன் கதையைக் கேளுங்கள். அது ஆர்சனிக் அடங்கிய ஒரு தீவன மருந்து. இரத்தக்கழிச்சலைக் கட்டுப்படுத்தும், எடை கூட்டும், கூடவே நிறத்தையும் மேம்படுத்தும் என்று அமெரிக்காவில் 1940களிலிருந்து பயன்பட்டது. அதிலிருந்த கரிம ஆர்சனிக் ஆபத்தில்லாதது, அப்படியே வெளியேறிவிடும் என்று நம்பினார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆராய்ந்தபோது, அது தின்ற கோழிகளின் ஈரலில் நச்சுத்தன்மை கூடிய கனிம ஆர்சனிக் அதிகமாக இருந்தது. 2011இல் விற்பனை நிறுத்தப்பட்டது. கண்ணுக்கு அழகான கறிதான் அது.

மருந்து எச்சம் கறியில் எவ்வளவு நாள் தங்கும்?

மருந்துக்கு மருந்து மாறும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் விலக்குக் காலம் வகுத்திருக்கிறார்கள்: கடைசி வேளை மருந்துக்கும் வெட்டுக்கும் இடையில் கழிய வேண்டிய நாட்கள். சிலவற்றுக்கு ஒரு நாளே போதும், சிலவற்றுக்கு வாரத்துக்கு மேல். அந்த நாட்களில் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகின்றன. வேலை நடக்கும் இடம் என்பதால் எச்சமும் அங்கேதான் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு இதைக் காட்டும்: தசையில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், ஈரலில் 200, சிறுநீரகத்தில் 300. டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டும் குணமுள்ளது. எலும்பில் நெடுநாள் தங்கும்.

வரம்புக்குள் இருக்கும் எச்சம் ஒருவரை நோயாளி ஆக்கிவிடாது. வாழ்நாள் முழுவதும் தினமும் சாப்பிட்டாலும் தீங்கில்லாத அளவைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்றபடி வரம்பு வைக்கிறார்கள். குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளின் கதை வேறு. பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்க முடியாததால், உணவுக்கான விலங்குகளில் பல நாடுகள் அவற்றை முற்றாகத் தடை செய்திருக்கின்றன.

நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடாதா?

கிருமி போகும், கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியும் அதே சூட்டில் சாகும். மருந்து அப்படியில்லை. டெட்ராசைக்ளின் சூட்டில் ஓரளவு சிதையும். என்ரோஃபிளாக்சசின் வகை சூட்டைத் தாங்கும். கறியிலிருந்து குழம்புக்கு இடம் மாறும், மறையாது.

வரம்புக்குள் இருந்தால் சரி, சூட்டில் கிருமியும் சாகும். பிறகு ஏன் இவ்வளவு கூச்சல்?

கூச்சலுக்குக் காரணம் உங்கள் தட்டில் இருக்கும் துண்டு அல்ல. மருந்து குடித்த ஆயிரக்கணக்கான கோழிகளின் குடலில், மருந்துக்குச் சாகாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. எருவிலும், கழிவுநீரிலும், பண்ணையாட்களின் கையிலும், பச்சைக்கறி வெட்டிய பலகையிலும் அவை வெளியே வருகின்றன. கறி வெந்துவிட்டது, பக்கத்தில் நறுக்கிய வெள்ளரிக்காய் வேகவில்லையே.

நாடுகள் இதைப் பார்த்துத்தான் அசைந்தன. 1986இல் ஸ்வீடன் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளைத் தடை செய்தது. அவோபார்சின் என்ற தீவன மருந்து, மருத்துவமனையில் கடைசி ஆயுதமாக வைத்திருந்த வான்கோமைசினுக்கு உறவு. பண்ணைகளில் இரண்டுக்கும் அடங்காத கிருமி தென்பட்டதும் 1995இல் டென்மார்க் அதை நிறுத்தியது. 2005இல் அமெரிக்கா கோழிகளுக்கு என்ரோஃபிளாக்சசின் கொடுப்பதற்கான அனுமதியை விலக்கியது; மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் அந்த வகை மருந்துக்கு அடங்காமல் போனதே காரணம். 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் அனைத்தையும் விலக்கியது. 2015இல் சீன ஆய்வாளர்கள் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்புத் தரும், கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய மரபணுவை அறிவித்தார்கள். சீனா கொலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தியது, 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது.

ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தால் கறி மேம்படுமா?

மருந்தை எடுத்துவிட்டதால் மட்டும் மேம்படாது. ருசி பற்றிய பதிலிலேயே அது வந்துவிட்டது. முதலில் வருவது தொல்லை. குடலில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி பெருகிக் குடல் அழுகல் நோய் தலைதூக்கும். அதற்கு ஈடாகத்தான் புரோபயாடிக் எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், கரிம அமிலங்கள், பியூட்ரேட், நொதிகள், ஓமம், கற்பூரவல்லி வகைச் செடிகளின் எண்ணெய் எல்லாம் வருகின்றன. பின்லாந்தின் நுர்மியும் ரன்டாலாவும் 1973இலேயே, வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். அந்த வழி உறுதியானது.

செடி எண்ணெய்கள் கறியின் ஆக்சிஜனேற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். வைட்டமின் ஈ அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். 'மூலிகைக் கோழி' என்ற பெயரில் நோய் தீர்க்கும் கறி விற்பவர்களிடம் நான் வாங்கமாட்டேன்.

'ஆன்டிபயாடிக் இல்லாதது' என்ற முத்திரையை நம்பலாமா?

முத்திரை எதைச் சொல்கிறது என்று பாருங்கள். 'எச்சம் இல்லை' என்றால், மருந்து கொடுத்து விலக்குக் காலம் முடித்த கோழியாகவும் இருக்கலாம். 'ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது' என்பது பெரிய வாக்குறுதி. அதிலும் ஒரு சந்து இருக்கிறது: மொனென்சின், சாலினோமைசின் போன்ற அயனோஃபோர் மருந்துகள் இரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் போகின்றன. அமெரிக்கக் கணக்கில் இவை ஆன்டிபயாடிக். ஐரோப்பியக் கணக்கில் தீவனச் சேர்மானம். ஒரே கோழி ஓரிடத்தில் முத்திரை பெறும், இன்னோரிடத்தில் பெறாது. மனித மருத்துவத்தில் இவற்றுக்கு இடமில்லை என்பதால் எனக்கு இதில் பெரிய கவலை கிடையாது. ஆனால் இந்தத் தீவனத்தைக் குதிரைக்குக் காட்டிவிடாதீர்கள். மொனென்சின் அதைக் கொன்றுவிடும்.

விலக்குக் காலத்தைச் சரியாகக் கடைப்பிடித்தும் சோதனையில் எச்சம் வந்தது. எப்படி?

மருந்துப் பெட்டியை விட்டுவிட்டுத் தீவன ஆலைக்குப் போங்கள். மருந்து கலந்த தீவனம் அரைத்த கலவை இயந்திரத்தின் மூலைகளிலும், திருகுக் கடத்தியின் அடியிலும், தூசியாகக் குழாயிலும் கொஞ்சம் தங்கும். அடுத்து ஓடும் மருந்தில்லாத் தீவனம் அதை வாரிக்கொண்டு வரும். ஆகவே மருந்துத் தீவனத்துக்குப் பின் வெட்டுக்கு முந்தைய தீவனத்தை அரைக்கக் கூடாது. இடையில் வெறும் தானியத்தை ஓட்டி இயந்திரத்தைக் கழுவிவிடுவது போலச் செய்ய வேண்டும், அல்லது எச்சம் பிரச்சினையாகாத வேறு கூட்டத்துக்கான தீவனத்தை அரைக்க வேண்டும்.

பண்ணையில் பார்க்க வேண்டியவை மூன்று. தீவனக் கிடங்கின் கூம்பில் பழைய தீவனம் கட்டியாக ஒட்டியிருக்கிறதா? மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டியும் குழாயும் கழுவி விடப்பட்டனவா? மூன்றாவது பலருக்குத் தோன்றாதது: தரையில் பரப்பிய உமி அல்லது மரத்தூள். கோழி தன் கழிவோடு சேர்த்து அதைக் கொத்தித் தின்னும். இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் நைகார்பசின் போன்ற மருந்துகள் இந்த வழியாகத் திரும்ப உள்ளே போய், தீவனத்தில் நிறுத்திய பிறகும் ஈரலில் தென்படும். இப்படிப்பட்ட மருந்து போட்ட கூட்டத்துக்கு, தாளில் உள்ள விலக்கு நாளோடு இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.